மீன்குஞ்சுக்கு நான் ஊற்றிய முதல் தண்ணி

மருமகளுடைய மீன்குஞ்சுகள் மூன்று தடவை கூட்டத்தோடு செத்தன. மூன்று தடவையும் காரணம் நான். வேண்டுமென்று செய்யவில்லை, அவளுக்கு நன்றாக வரட்டும் என்றுதான் செய்தேன். ஆனாலும் செய்தது நான்தான். நாலு பேர் நின்றால் எனக்குப் பேச்சு வராது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கள் என்று கேட்காமல் எழுந்து வந்துவிடுவேன். அப்படிப்பட்டவள் இதை எப்படிச் சொன்னேன், சொன்னதை யாரும் நம்பாமல் போனது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் சானல். அணையிலிருந்து வயலுக்குத் தண்ணி கொண்டுவரும் கால்வாயை நாஞ்சில் நாட்டில் எல்லாரும் சானல் என்றுதான் சொல்வோம். எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் மேலே, தண்ணி வருகிற பக்கத்தில், பாலத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஊர்ப் படித்துறை இருக்கிறது. அந்த இடத்தில் சானல் அகன்று ஒரு பள்ளமாகக் கிடக்கும். அணையை அடைத்துவிட்டால் மற்ற இடமெல்லாம் காய்ந்து போகும். பள்ளத்தில் மட்டும் தண்ணி நிற்கும். அடியில் கறுத்த சேறு. கால் வைத்தால் கணுக்கால் வரை இழுக்கும், ஒரு அழுகல் வாடையும் வரும். மேலே தண்ணி மட்டும் அவ்வளவு தெளிவாக இருக்கும்.

வருஷத்தில் இரண்டு தடவை தண்ணி வரும். கன்னிப்பூ நெல்லுக்கு ஆனியில் திறப்பார்கள். அறுப்பு சமயத்தில் அடைத்துவிட்டு, கும்பப்பூவுக்கு மறுபடி புரட்டாசியில் திறப்பார்கள்.

மகனுக்கு வெளிநாட்டில் வேலை. மருமகள் படித்தவள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பிறகு சும்மா இருக்க அவளால் முடியாது. செல்போனில் பார்த்துப் பார்த்து வண்ணமீன் வளர்ப்பைக் கற்றுக்கொண்டாள். தென்னை நிழலில் இரண்டு சிமெண்ட் தொட்டி கட்டினாள். யாரோ வேண்டாமென்று போட்ட பழைய ஃப்ரிட்ஜ் பெட்டி இரண்டை வாங்கி மல்லாக்கப் போட்டு அதிலும் தண்ணி நிரப்பினாள். எல்லாவற்றிலும் கப்பி மீன். வால் ஒவ்வொன்றும் சின்ன விசிறி மாதிரி இருக்கும். கப்பி முட்டை இடாது, குட்டிதான் போடும்.

"அத்தை, ஓடி வாருங்க, பிரசவம் நடக்கு!" என்று முதல் தடவை கூப்பிட்டபோது நான் அடுப்பை அணைக்காமல் ஓடினேன். கடுகுக்கு வால் முளைத்த மாதிரி ஒன்று, இரண்டு, பிறகு பத்து. தாய் திரும்பிப் பார்த்து ஒன்றை விழுங்கிவிட்டது. "ஐயோ, பெத்ததையே திங்குதே!" என்றேன். "அதுக்குத்தான் நாம இருக்கோம்" என்று அவள் சின்ன வலையால் குஞ்சுகளைக் கோரி எடுத்தாள்.

அப்படிப் பிரித்த குஞ்சுகளை ஆறு பிளாஸ்டிக் டப்புகளில் விட்டு வைப்பாள். டப்பு என் பொறுப்பு. வாரத்துக்கு ஒரு நாள் பாதித் தண்ணியை மெதுவாக வடித்துவிட்டு, கிணற்றுத் தண்ணி ஊற்றவேண்டும். இந்த வயசில் எனக்கு அப்படி ஒரு வேலை கிடைத்தது பிடித்திருந்தது. மீனிடம் பேசவேண்டியதில்லை, அதுவும் நம்மிடம் கேட்காது.

இனி முதல் தண்ணியைச் சொல்லவேண்டும். அணை திறந்து சானலில் வருகிற முதல் தண்ணியை ஒரு குடம் எடுத்து வந்து வாசலில் தெளித்து, மிச்சத்தில் விதைநெல்லை நனைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்குப் பெண்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் அந்தத் தண்ணியில் தலைமுழுகுவார்கள். கிடக்கிற தண்ணிக்குத்தான் கேடு, ஓடிவருகிற தண்ணிக்குக் கேடு கிடையாது. இதை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லவில்லை. சாப்பாட்டை வலது கையால் எடுக்கவேண்டும் என்பது மாதிரி தெரிந்த விஷயம். முதல் தண்ணியில் நனைத்த விதை பழுதில்லாமல் முளைப்பதை வருஷாவருஷம் பார்த்திருக்கிறேன். நெல் பெருகுகிற தண்ணியில் மீன் பெருகாதா?

போன வருஷம் ஆனியில் தண்ணி வந்த அன்றைக்கு, விடிந்தும் விடியாமலும் பின்வாசலில் இறங்கிக் குடம் குடமாக எடுத்தேன். கலங்கல் இருந்தது. என் வீட்டுக்காரரை நான் 'அவிய' என்றுதான் சொல்வேன். அவியளுடைய பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டி அண்டாவில் தெளியவிட்டேன். மறுநாள் பார்த்தால் கண்ணாடி. மருமகள் பிள்ளைகளை விடப் போன நேரத்தில் ஆறு டப்பிலும் பாதிப் பாதி மாற்றிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள். மரியாதையாகத்தான் சிரிப்பாள், ஆனாலும் சிரிப்பாள்.

மத்தியானத்துக்குள் குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. சாயங்காலம் ஆறு டப்பிலும் வெள்ளையாக மிதந்தன. பெரிய மீனுக்கு ஒன்றும் இல்லை, அது சிமெண்ட் தொட்டியில் கிணற்றுத் தண்ணியில் கிடந்தது. "ஏதோ சீக்கு வந்திருக்கு அத்தை" என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன். நம்பினது மட்டுமா, முதல் தண்ணி ஊற்றியதால்தான் சீக்கு பெரிய மீனுக்குப் பரவாமல் நின்றது என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

புரட்டாசியில் மறுபடி தண்ணி வந்தது. போன தடவை போதாமல் போயிற்று என்று இன்னும் இரண்டு குடம் கூட ஊற்றினேன். அந்தக் கூட்டமும் போயிற்று.

எனக்கு மதினி முறை வரும் பக்கத்து வீட்டு மயினி மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். மயினிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"பிள்ளைக்குக் கைராசி இல்ல கேட்டியா. சிலபேரு கை வச்சா கருவேப்பிலகூட பிடிக்காது."

"மயினி, பைய சொல்லு, அவ காதுல விழும்" என்றேன்.

"விழட்டுமே. நான் என்ன இல்லாததையா சொல்லுதேன்?"

காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு மருமகள் சாப்பிடவில்லை.

அவளுக்குக் கல்லூரியில் பாடம் எடுத்த டீச்சர் ஒருவர் தண்ணியைச் சோதித்துப் பார்க்கிறவர். கருங்கல் ஊர்ப் பக்கத்துக்காரர், பேச்சில் அந்தப் பக்கத்து மலையாள நீட்டு இருக்கும், தண்ணியை வெள்ளம் என்பார். மருமகள் அவரை அழைத்து வந்தாள். கிணறு சானலுக்குப் பக்கத்தில் இருப்பதால் இரண்டையும் பார்த்தார். ஐப்பசியில் சானல் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு தடவை. அணை அடைத்த பிறகு பள்ளத்தில் கிடந்த தண்ணியை ஒரு தடவை. இரண்டு தடவையும் "வெள்ளத்துல குறை ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டார்.

தண்ணியில் குறை இல்லை என்றால் வேறு எங்கே குறை? மருமகள் தன் கையைத்தான் பார்த்தாள்.

இந்த வருஷம் ஆனியில் நான் மூன்றாம் தடவை ஊற்றினேன். மூன்றாம் தடவை செத்தபோது அவள் அழவில்லை. டப்புகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இனி இது எனக்கு வேண்டாம் அத்தை. நாகர்கோவில்ல துணிக்கடையில தீவாளிக்கு ஆள் எடுக்காவ. புரட்டாசி கடைசியில வந்து சேரச் சொல்லியிருக்காவ. போகப்போறேன்" என்றாள். வேலைக்குப் போவது தப்பில்லை. ஆனால் மீனைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் பார்த்திருக்கிறேன். துணிக்கடையைச் சொல்லும்போது அது இல்லை.

ஒரு டப்பில் மட்டும் செத்த மீனோடு தண்ணியை அப்படியே வைத்திருந்தாள். டீச்சர் வந்து அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஒரு பொடியைப் போட்டுக் குலுக்கினார். தண்ணி கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது.

"செம்பு இருக்கு" என்றார்.

"செம்பா? செம்புப் பாத்திரம் எதுவும் இல்லியே" என்றாள் மருமகள்.

"மயில்துத்தம் கேட்டிருப்பியா? அதுல உள்ள செம்பு. இந்த அளவு மனுஷனுக்கு ஒண்ணும் செய்யாது. மீனுக்குச் செவுளுக்குள்ள போய் மூச்சை அடச்சிரும். குஞ்சு தாங்கவே தாங்காது."

துத்தம் என்றதும் எல்லாரும் அவியளைப் பார்த்தோம். தென்னைக் குருத்து அழுகினால் துத்தமும் சுண்ணாம்பும் கலக்கி வைப்பது அவியளுடைய வேலை.

"என்னை ஏன் பாக்கிய? நான் தென்னைக்குத்தான் மருந்து வச்சேன், மீனுக்கு வைக்கல."

"மாமா, அந்த நீல பிளாஸ்டிக் மக்கு உங்க மருந்து ரூம்ல கெடந்ததுதான?" என்று மருமகள் கேட்டாள். குரல் இறங்கிப் போயிருந்தது.

"எந்த மக்கு?"

"குஞ்சுக்கு நான் தீனி கலக்குத மக்கு. நாந்தான் தேய்ச்சு எடுத்துட்டு வந்தேன். அதுல ஒட்டிக் கெடந்திருக்கும்." அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ நாந்தான் கொன்னிருக்கேன்."

அப்போதுதான் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவை செத்தது. மூன்று தடவையும் அன்றைக்குக் காலையில்தான் நான் ஊற்றினேன். நீல மக்கில் தினமும் தீனி கலக்குகிறாள், தினமுமா செத்தது? இவ்வளவு நாள் இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன். நல்லது என்று நினைத்துச் செய்ததை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் போலிருக்கிறது.

"நீ இல்ல மக்களே. நான் சானல் தண்ணி ஊத்தினேன்" என்று மருமகளிடம் சொன்னேன்.

யாருக்கும் கேட்கவில்லை.

"ஏட்டி, உரக்கச் சொல்லு. உனக்கு நீயே சொன்னா எப்படி?" என்றார்கள் அவிய.

மறுபடி சொன்னேன். வேட்டியில் வடிகட்டியது, அண்டாவில் தெளியவிட்டது எல்லாம் சொன்னேன். டீச்சர் என்னை இரக்கமாகப் பார்த்தார். "சானலை நான் ரெண்டு தடவை பாத்தேன் அம்மா. ஒண்ணும் இல்ல."

மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், அத்தை எனக்காகச் சொல்லுதாவ. எப்பவும் அப்படித்தான். போன வாரம் நான் உப்பு கூடப் போட்ட சாம்பாரை, தானே வச்சதுன்னு மாமாகிட்ட சொல்லிட்டாவ."

அது உண்மை, சொல்லியிருந்தேன். சின்னச் சின்னப் பொய்யாக அவளுக்கு முட்டுக்கொடுத்து வந்ததில், பெரிய உண்மையைச் சொல்லும்போது யாரும் நம்பவில்லை. அவிய வேறு, "ஆமா, இவ பழியை வாங்கிப் போட்டுக்கிடுவா" என்று தலையை ஆட்டினார்கள். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கம் இல்லை.

வாசலில் டீச்சர் ஸ்கூட்டரைக் கிளப்பும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் உள்ளே இருக்கமுடியவில்லை. ஈரக் கையோடு ஓடினேன்.

"டீச்சர், ஒரு தடவை நீங்க எடுத்தது கெடந்த தண்ணி. இன்னொரு தடவை எடுத்தது நெதானமா ஓடின தண்ணி. நான் எடுத்தது அணை தொறந்து பாஞ்சு வந்த அன்னைக்குள்ள தண்ணி. அது வேற மாதிரி இருக்கும். கருப்பா வரும்."

என் வாழ்நாளில் வெளி ஆளிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான். டீச்சர் வண்டியை அணைத்தார்.

"கருப்பாவா? செம்மண் கலங்கல் இல்லியா?"

"பாலத்துக்கு மேல செவப்புதான். படித்துறை தாண்டி எங்க வீட்டுக்கு வரும்போ கருப்பு. வாடையும் அடிக்கும்."

சானல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அடுத்தது எப்போ தொறப்பாவ?"

"புரட்டாசியில, கும்பப்பூவுக்கு."

"தொறக்கதுக்கு முந்தின நாள் எனக்குச் சொல்லணும் அம்மா. மறக்காண்டாம்."

புரட்டாசி வரைக்கும் நாட்கள் நகரவே இல்லை. மருமகள் பெரிய மீன்களுக்குத் தீனி போடுவாள், அதோடு சரி. மீன்கள் குட்டி போட்டால் பிரிப்பதில்லை. தாய்மீன் துரத்தித் துரத்தித் தின்பதைப் பார்க்கமாட்டாமல் நான் ஒரு நாள் வலையை எடுத்தேன். "வேண்டாம் அத்தை. வளத்து சாகவிடுறதுக்கு இது எவ்வளவோ மேலு" என்றாள். வலையைக் கீழே வைத்துவிட்டேன். புரட்டாசி கடைசியில் கடையில் சேர்வதற்காக இரண்டு புதுச் சேலைக்கு ரவிக்கையும் தைக்கக் கொடுத்திருந்தாள்.

மடை பார்க்கிறவர் அவியளுக்குச் சிநேகிதம். "நாளைக்குக் காலைல தண்ணி நம்ம பக்கம் வந்திரும்" என்று அவர் சொன்னதும், நானே மருமகளின் செல்போனை வாங்கி டீச்சரிடம் பேசினேன். "அத்தையா போன் பேசினாவ?" என்று அவள் அவியளிடம் கேட்டதும், "மழை கொட்டப் போகுது" என்று அவிய சொன்னதும் எனக்குக் கேட்டது.

விடியும்போது டீச்சர் வந்துவிட்டார். படித்துறைப் பள்ளத்தில் கிடந்த தண்ணியில் ஒரு குப்பி எடுத்தார். பாலத்துக்கு மேலே ஒரு குப்பி எடுக்க அவியளை அனுப்பினார். பிறகு நாங்கள் மூன்று பேரும் எங்கள் பின்வாசல் படியில் காத்திருந்தோம். மயினி தலை நிறைய எண்ணெயும் தோளில் துண்டுமாக வந்து சேர்ந்தாள்.

"என்னத்துக்கு எல்லாரும் கூடியிருக்கிய? சானலுக்குச் சடங்கா?"

"மயினி, நீ இன்னைக்கு முழுகாண்டாம்" என்றேன்.

"ஏளா, அம்பது வருஷமா முழுகுதேன். உனக்கு இன்னைக்குத்தான் வாய் மொளச்சுதா?"

தண்ணி வருவதற்கு முன் சத்தம் வரும். சருகு நொறுங்குகிற சத்தம், பிறகு நாய் தண்ணி குடிக்கிற மாதிரி ஒரு சளசளப்பு. பாலத்தடியில் அது செந்நிறமாக எட்டிப் பார்த்தது. முன்னால் நுரை, சருகு, தேங்காய் மட்டை, ஒரு ஒற்றைச் செருப்பு. படித்துறை வந்ததும் பள்ளத்துக்குள் விழுந்து ஒரு சுற்று சுற்றியது. கிடந்த சேறு அப்படியே அடியிலிருந்து எழும்பி வந்தது. எங்கள் படிக்கு வரும்போது தண்ணி கரிப்பானை கழுவினது மாதிரி இருந்தது, வாடையும் அதேதான்.

டீச்சர் குனிந்து குப்பியை நிறைத்தார். கலங்கலை ஒரு சின்னத் தாளில் வடிகட்டித் தெளிவாக்கினார். அவியளும் பாலத்திலிருந்து குப்பியோடு வந்து சேர்ந்தார்கள். மூன்று கண்ணாடிக் குழாய். மூன்றிலும் பொடி.

பள்ளத்தில் கிடந்த தண்ணி நிறம் மாறவில்லை. பாலத்துக்கு மேலே எடுத்த செந்தண்ணியும் வடிகட்டிய பிறகு மாறவில்லை. எங்கள் படியில் எடுத்தது, வடிகட்டித் தெளிந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தரிப்பூ நிறமானது. ஆனியில் அந்த டப்பில் பார்த்ததைவிட அடர்த்தியாக இருந்தது.

மருமகள் குழாயை வாங்கி வானத்துக்கு நேராகப் பிடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"அத்தை, நீங்க உண்மையிலேயே கொலகாரிதான்!"

"நான்தான் ஆனியிலேயே சொன்னேன்லா" என்றேன்.

"யாரைக் கொன்னா? யாரு செத்தா?" என்று மயினி எண்ணெய் வழியக் கேட்டாள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். எனக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை, ஆனாலும் வந்தது.

டீச்சர் படியில் உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினார். பள்ளத்துச் சேற்றுக்குள் காற்று இல்லை. அதனால் துத்தத்துச் செம்பு சேற்றோடு ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்காகக் கிடக்கும். மேலே உள்ள தண்ணிக்கு வராது. அதனால்தான் அவர் எடுத்தபோது ஒன்றும் தெரியவில்லை. வேகமாக வெள்ளம் வந்து அடியைக் கிண்டும்போது சேறு எழும்புகிறது, காற்றும் சேர்கிறது. ஒட்டியிருந்தது விட்டுப்போய்த் தண்ணியில் கரைந்துவிடுகிறது. சேறு மறுபடி அடியில் படியும். கரைந்தது உடனே படியாது.

"அதான் வேட்டியில வடிச்சும் போகல" என்றாள் மருமகள்.

எனக்கு அது உப்புமாங்காய் மாதிரி தோன்றியது. பரணியில் ஊறிய மாங்காயை எடுத்து நல்ல தண்ணியில் போட்டு ஒரு அலசு அலசினால், மாங்காய் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணி தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் வாயில் வைத்தால் உப்பு. இதை நான் மெதுவாகச் சொன்னேன். இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது. "இதுதான் அம்மா, இதேதான்" என்று டீச்சர் சொன்னார். அந்தச் சந்தோஷம் எனக்கு இரண்டு நாள் இருந்தது.

"அவ்வளவு துத்தம் அங்க எப்படி வந்துச்சு?" என்று மருமகள் கேட்டாள்.

அவிய ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்கள். "நாங்கதான். தென்னைக்கு, கமுகுக்கு மருந்து வச்சிட்டு டிரம்மை வேற எங்க கழுவ? ஊர்ல எல்லாருமே படித்துறையிலதான் கழுவினோம். தண்ணி அடிச்சிட்டுப் போயிரும்னு நெனச்சோம். போகாம நம்ம வாசல்லயே உக்காந்திருக்கு." அன்று சாயங்காலம் அவிய மருந்து டிரம்மை உருட்டிக்கொண்டு போய்த் தோப்பு மூலையில், சானலுக்கு எட்டாத இடத்தில் வைத்ததை நான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் டீச்சர் சொன்னபடி மருமகளே எங்கள் படியில் தண்ணி எடுத்துப் பொடி போட்டுப் பார்த்தாள். நிறம் மாறவில்லை. வருகிற வேகத்தில் முதல் ஒன்றிரண்டு நாள்தான் அந்தக் கேடு. குளிக்கிறவர்களும் அந்த இரண்டு நாளை விட்டுவிடுவது நல்லது, சேற்றில் வேறு என்னென்ன கிடக்கிறதோ, அதைக் கல்லூரியில் வைத்துப் பார்த்துத்தான் சொல்லமுடியும் என்றார் டீச்சர். படித்துறையில் இதைப் பெண்களிடம் யார் சொல்வது என்று வந்தபோது மயினி சொல்லிக்கொள்வதாகப் பொறுப்பெடுத்தாள். மெதுவாகப் பேசத் தெரியாததும் ஒரு உபகாரம்தான். பாலம் வரை கேட்டது.

சேற்றை எந்திரம் வைத்து அள்ளலாம் என்று சிலர் கிளம்பினார்கள். ஓடுகிற தண்ணியில் கிண்டினால் எல்லாம் கீழே உள்ள ஊருக்குப் போகும். அணை அடைத்துக் காய்ந்த பிறகுதான் அள்ளவேண்டும், அள்ளியதைக் கரையில் கொட்டக்கூடாது, அதுவரை அதைக் கிளறாமல் விடுவதே நல்லது என்று டீச்சர் எழுதிக் கொடுத்தார். அது கோடையில் என்ன ஆகிறதோ பார்க்கவேண்டும். விதைநெல்லுக்கு முதல் தண்ணி எடுப்பதை நாங்கள் நிறுத்தவில்லை. நெல்லை அது ஒன்றும் செய்யவில்லை.

தண்ணி வந்த நாலாம் நாள் ஒரு மீன் குட்டி போடுகிற பருவத்தில் வயிறு கறுத்து மூலையில் ஒதுங்கி நின்றது. மருமகள் கவிழ்த்து வைத்திருந்த டப்புகளைத் திருப்பிக் கழுவினாள். நான் கிணற்றில் இறைத்துக் கொடுத்தேன். அன்று பிரித்த குஞ்சுகள் பெருத்து, ஒவ்வொன்றுக்கும் வால் விரிய ஆரம்பித்தது. புரட்டாசி கடைசியில் துணிக்கடையிலிருந்து போன் வந்தபோது அவள் கையில் வலை இருந்தது. "இல்லக்கா, நான் வரல. இங்க வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு, போனை என்னிடம் நீட்டினாள், துடைத்து வைக்க.

கார்த்திகையில் முதல் கூட்டம் வண்ணமீன் கடைக்குப் போனது. வழக்கமாக அவள் தனியாகத்தான் கவர் கட்டுவாள். அன்று என்னைக் கூப்பிட்டாள். பிளாஸ்டிக் கவரில் கால்வாசி தண்ணி, அதில் இருபது மீன். அவள் காற்றை அடைத்துக் கழுத்தைத் திருகிப் பிடிக்க, நான் அந்த இடத்தை விரலால் இறுக்கிக்கொள்ள வேண்டும். கவர் பந்து மாதிரி விம்மியது. உள்ளங்கையில் மீன்கள் இடிப்பது தெரிந்தது.

"அத்தை, ரப்பர் போடுதது வரைக்கும் விடாதீங்க."

"விடல மக்களே. நீ போடு."

மூன்று சுற்றுச் சுற்றி ரப்பரைப் போட்டாள். நான் அடுத்த கவரை விரித்துப் பிடித்தேன்.